தீயணைப்பும் ஒரு படிப்பே



லயத்தில் ஒரு வீட்டில் தீப்பிடித்தால் நாம் என்ன செய்வோம்? குடத்தையும் வாளியையும் தூக்கிக்கொண்டு ஓடுவோம். மண்ணை வாரி இறைப்போம். கூவி அழைத்து அடுத்த லயத்தாரையும் சேர்த்துக்கொள்வோம். ஓடி வந்து உதவும் அந்தக் குணம் தோட்டத்து மக்களின் பெருமை. ஆனால் அந்தக் குணம் மட்டும் இருந்தால் தீயை வென்றுவிட முடியுமா? எண்ணெய்ச் சட்டியில் பற்றிய தீயின்மேல் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். தீ சீறி எழுந்து ஊற்றியவரையே சுடும். நல்ல மனமும் துணிவும் இருந்தும், அறியாமையால் உயிர் போவதுண்டு.

தீயணைப்பு என்பது துணிச்சல்காரர்கள் செய்யும் வேலை என்றே நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். உண்மையில் அது பள்ளியும் பாடமும் தேர்வும் சான்றிதழும் உள்ள ஒரு படிப்பு. அந்தப் படிப்பு எவ்வாறு உண்டாயிற்று, எவ்வாறு வளர்ந்தது என்பதை நமது அண்டை நாடாகிய சிங்கப்பூரின் வரலாற்றைக் கொண்டு இன்று காண்போம். அந்தப் பாடங்களில் பலவற்றைச் சிங்கப்பூர் புத்தகத்தில் கற்கவில்லை. தீயிடமிருந்தும் இடிபாட்டிலிருந்தும் கற்றது. அதற்குக் கொடுத்த விலை மனித உயிர்.

ஆங்கிலேயர் 1819-இல் சிங்கப்பூரில் வணிகத் தலம் அமைத்தனர். பதினோரு ஆண்டுகள் கழித்து, 1830 பிப்ரவரியில், பிலிப் ஸ்திரீட்டில் பிடித்த தீ மார்க்கெட் ஸ்திரீட்டுக்கும் பரவியது. பிற்காலத்தில் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் கிட்டங்கி வைத்துத் தொழில் நடத்திய, நம்மவர் செட்டித் தெரு என்று அழைத்த தெருதான் அந்த மார்க்கெட் ஸ்திரீட். தீ மூன்று நாள் எரிந்தது. ஊரில் ஒரு தீயணைப்பு இயந்திரம்கூட அப்போது இல்லை.

அக்காலத்தில் தீயை அணைக்கச் சென்றவர்கள் யார்? போலீஸ்காரர்கள், சிப்பாய்கள், துறைமுகத்தில் நின்ற கப்பல்களின் மாலுமிகள், இவர்களோடு கைதிகள். கைதிகளில் பெரும்பாலோர் இந்தியாவிலிருந்து கப்பலேற்றிக் கொண்டுவரப்பட்டவர்கள். சிங்கப்பூரின் சாலைகளை அமைத்தவர்களும், புனித ஆண்ட்ரூஸ் தேவாலயத்தைக் கட்டியவர்களும் அவர்களே. தீ என்று தெரிந்தால் கோட்டைக் குன்றிலிருந்து, அதாவது ஃபோர்ட் கேனிங் மேட்டிலிருந்து, பீரங்கி முழங்கும். முழக்கத்தைக் கேட்டு ஓடி வந்தவர்களுக்கு ஆளுக்கொரு யோசனை இருந்தது. பயிற்சி மட்டும் இல்லை.

1869-இல் தீயணைப்பைக் கவனிக்க ஒரு குழு ஏற்படுத்தப்பட்டது. 1888-இல் முறையான தீயணைப்புப் படை தோன்றியது. படை என்று பெயர் வைத்துவிட்டால் போதுமா? படையில் சேர்ந்தவருக்கு யார் கற்றுக்கொடுப்பது, எதைக் கற்றுக்கொடுப்பது என்ற கேள்வி எஞ்சி நின்றது.

இக்கேள்விக்கு விடை அதற்கு முன்பே ஸ்காட்லாந்து நாட்டில் பிறந்திருந்தது. எடின்பரோ நகரில் 1824-இல் ஜேம்ஸ் பிரெய்ட்வுட் என்னும் இளைஞர் நகராட்சித் தீயணைப்புப் படையொன்றைத் தொடங்கினார். வெறும் பலசாலிகளை அவர் தேடவில்லை. கூரை வேய்பவர், தச்சர், கொத்தனார், குழாய் வேலைக்காரர் ஆகியோரைத் தேர்ந்தெடுத்தார். கூரையில் நடக்கப் பழகியவனுக்குக் கூரை எங்கே தாங்கும், எங்கே உடையும் என்பது தெரியும். சுவர் கட்டியவனுக்குச் சுவர் எப்போது சாயும் என்பது தெரியும். அவர்களைப் பொழுது விடியுமுன் இருட்டிலேயே கூட்டிப் பயிற்சி கொடுத்தார். இருட்டில் தடுமாறாமல் வேலை செய்யப் பழகியவன் புகையிலும் தடுமாறமாட்டான் அல்லவா? விடியுமுன் பெரட்டுக்கு நிற்கும் நமக்கு அந்தப் பழக்கத்தின் அருமை புரியும். பின்னர் 1833-இல் அவர் லண்டன் படைக்குத் தலைவரானார். 1861-இல் டூலி ஸ்திரீட் என்ற இடத்தில் நேர்ந்த பெருந்தீயில் சுவர் இடிந்து விழுந்து மாண்டார். உலகுக்குத் தீயணைப்புக் கற்பித்த ஆசிரியரையே தீ கொண்டுபோயிற்று.

பிரிட்டனில் வளர்ந்த அந்த முறை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தது. தொழில்முறைப் பயிற்சி பெற்ற மாண்டேகு வில்லியம் பெட் என்னும் அதிகாரி படைத்தலைவராக அங்கிருந்து வந்தார். ஹில் ஸ்திரீட்டில் மத்தியத் தீயணைப்பு நிலையம் 1908-இல் கட்டி முடிக்கப்பட்டது. சிவப்புச் செங்கல்லும் வெள்ளைப் பூச்சும் மாறி மாறி அமைந்த அக்கட்டிடம் இன்றும் நிற்கிறது. 1998-இல் தேசியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. அதன் உயர்ந்த கோபுரம் ஒரே சமயத்தில் மூன்று வேலைக்குப் பயன்பட்டது. உச்சியில் ஏறி நின்றால் நகரில் எங்கே புகை எழுகிறது என்று பார்க்கலாம். நனைந்த நீர்க்குழாய்களைத் தொங்கவிட்டு உலர்த்தலாம். புதிதாகச் சேர்ந்தவர்கள் பயிற்சி செய்யலாம். வீரர்களும் அங்கேயே குடியிருந்தனர். ஆகவே, நிலையமே அவர்களுக்குப் பள்ளிக்கூடமும் ஆயிற்று.

அந்தப் பள்ளியில் கற்கும் முதற் பாடம் எது? தீ என்றால் என்ன என்பதுதான். தீ உயிர் வாழ மூன்று பொருள் வேண்டும்: எரிவதற்கு ஒரு பொருள், வெப்பம், காற்றிலுள்ள பிராணவாயு. மூன்றில் ஒன்றை நீக்கினால் தீ அணையும். விறகை இழுத்துவிட்டால் எரிபொருள் போயிற்று. தண்ணீர் ஊற்றினால் வெப்பம் போயிற்று. எண்ணெய்ச் சட்டியை மூடியால் மூடினால் காற்று போயிற்று. நம் அடுப்படியில் அன்றாடம் காணும் உண்மைதான் இது. இதன்மேல்தான் தீயணைப்புக் கல்வி முழுவதும் எழுப்பப்பட்டிருக்கிறது.

இரண்டாம் பாடம் புகை. தீ விபத்துகளில் சுடரைவிடப் புகையே அதிகம் பேரைக் கொல்லுகிறது. சூடான புகை மேலே ஏறும்; தரையை ஒட்டிச் சிறிது நல்ல காற்று தங்கும். அதனால்தான் புகை சூழ்ந்த அறையில் தவழ்ந்து செல்லவேண்டும் என்கிறார்கள். மூடிக் கிடக்கும் அறையின் கதவைச் சட்டென்று திறந்தால், உள்ளே காற்றில்லாமல் அடங்கியிருந்த தீ வெடித்துக் கிளம்பும். கதவைத் திறப்பதற்குக்கூடப் பயிற்சி வேண்டும் என்பது இதனால் விளங்கும். இவற்றோடு ஏணி ஏறுவது, கனத்த குழாயைத் தளராமல் பிடிப்பது, மூச்சுக் கருவி அணிந்து இருட்டில் ஆளைத் தேடுவது, மயங்கியவரைத் தூக்கி வருவது, முதலுதவி செய்வது ஆகிய அனைத்தும் கை பழகும்வரை திரும்பத் திரும்பச் செய்யவேண்டும்.

இனி, சிங்கப்பூர் கொடுத்த விலையைப் பார்ப்போம்.

1961 மே 25. ஹஜ்ஜுப் பெருநாள் விடுமுறை. புக்கிட் ஹோ சுவீ என்னும் குடிசைப் பகுதியில் தீ மூண்டது. பலகைச் சுவரும் அத்தாப்புக் கூரையுமாக நெருக்கியடித்து நின்ற வீடுகள், வண்டி நுழைய முடியாத சந்துகள், பலத்த காற்று. நால்வர் மாண்டனர், ஏறக்குறைய 16,000 பேர் வீடிழந்தனர். வந்த வீரர்களிடம் துணிவுக்குக் குறைவில்லை. ஆயினும் தீயணைப்பு வண்டி நுழைய வழியும், அருகில் தண்ணீரும் இல்லாத இடத்தில் வீரம் என்ன செய்யும்? வீடு கட்டும் முறையும் தீயணைப்பின் ஒரு பகுதியே என்பதை அந்நாடு உணர்ந்தது. முந்திய ஆண்டில்தான் தொடங்கப்பட்டிருந்த வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் அந்த இடத்தில் அடுக்குமாடி வீடுகளை விரைந்து கட்டியது.

1972 நவம்பர் 21. ராஃபிள்ஸ் பிளேஸில் ராபின்சன்ஸ் என்னும் பெரிய கடை எரிந்து சாம்பலாயிற்று. ஒன்பது பேர் மாண்டனர். பெரும்பாலோர் மின்தூக்கிக்குள் சிக்கிக்கொண்டவர்கள். தீப்பிடித்த கட்டிடத்தில் மின்தூக்கியில் ஏறாதே, படியில் இறங்கு என்று இன்று பள்ளிப் பிள்ளைக்கும் சொல்லித்தருகிறோம். அந்த ஒரு வரிப் பாடத்தின் பின்னே இப்படிப்பட்ட சாவுகள் இருக்கின்றன.

1978 அக்டோபர் 12. ஜூரோங் கப்பல் பட்டறையில் ஸ்பைரோஸ் என்னும் கிரேக்க எண்ணெய்க் கப்பலைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தார்கள். பகலுணவு முடிந்து தொழிலாளர்கள் வேலைக்குத் திரும்பிய நேரம். இரும்பை வெட்டும் சுடரிலிருந்து எழுந்த பொறி, எண்ணெய்த் தொட்டியிலிருந்த ஆவியைப் பற்ற வைத்தது. கப்பல் வெடித்து 76 பேர் மாண்டனர். மாண்டவர்கள் நம்மைப் போன்ற உழைப்பாளிகள். அதற்குப் பின்னர், கப்பல் பட்டறையில் வேலை செய்வோருக்குப் பாதுகாப்புப் பயிற்சி கட்டாயமாயிற்று. தொட்டிக்குள் தீ வேலை தொடங்குமுன், அங்கே வெடிக்கும் ஆவி இல்லை என்று தகுதி பெற்ற ஒருவர் சோதித்துச் சான்று கொடுக்கவேண்டும் என்பதும் வலியுறுத்தப்பட்டது. சான்றிதழ் என்பது அலுவலகச் சுவரில் தொங்கும் அலங்காரத் தாள் அன்று. அதன் பின்னால் ஒருவனுடைய உயிர் இருக்கிறது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

அடுத்த பாடம் சிராங்கூன் சாலையில், நம் தமிழர் கூடும் லிட்டில் இந்தியா வட்டாரத்திலேயே காத்திருந்தது. வீரமாகாளியம்மன் கோயிலும் சீனிவாசப் பெருமாள் கோயிலும் உள்ள அதே சாலையில், ஓவன் சாலை வந்து சேரும் முனையில், ஆறு மாடிக் கட்டிடம் ஒன்று இருந்தது. அதில் ஒரு வங்கியும் நியூ வோர்ல்ட் ஹோட்டலும் நடந்துவந்தன. 1986 மார்ச் 15, சனிக்கிழமை முற்பகலில் அந்தக் கட்டிடம் ஒரு நிமிடத்துக்குள் சரிந்து மண்மேடாயிற்று. இங்கே எரிந்தது ஒன்றுமில்லை. கட்டிடத்தின் சொந்தப் பாரத்தையே சரியாகக் கணக்கிடாமல் கட்டியதுதான் காரணம் என்று பின்னர் நடந்த விசாரணை கண்டது.

தீயணைப்பு வீரர்களும் குடிமைத் தற்காப்புப் படையினரும் இராணுவத்தினரும் ஓடி வந்தார்கள். ஆனால் இடிபாட்டுக்குள் சிக்கியவரை வெளியே எடுப்பது அவர்களுக்குப் பழகிய வேலையாக இருக்கவில்லை. மேலிருந்து கனரக இயந்திரத்தால் அள்ளினால் உள்ளே உயிரோடிருப்பவர் நசுங்கிப் போவார். அச்சமயம் சிங்கப்பூரில் நிலத்தடி ரயில் பாதை அமைத்துக்கொண்டிருந்த வெளிநாட்டுச் சுரங்கப் பொறியாளர்கள் தாமே முன்வந்து, இடிபாட்டின் அடியில் சுரங்கம் தோண்டி வழி செய்தார்கள். 17 பேர் உயிரோடு மீட்கப்பட்டனர். 33 பேர் மாண்டனர்.

அந்தச் சில நாட்களில் உணர்ந்த குறையைச் சிங்கப்பூர் மறக்கவில்லை. 1989 ஏப்ரல் 15-இல் தீயணைப்புச் சேவையும் குடிமைத் தற்காப்புப் படையும் ஒன்றாக்கப்பட்டன. இடிபாடு, உயரமான இடம், குறுகிய குழி ஆகியவற்றில் சிக்கியவரை மீட்பதற்கென்றே 1990-இல் தனிப் பயிற்சி பெற்ற குழுவொன்று அமைக்கப்பட்டது. வெளிநாடுகளுக்குச் சென்று உதவும் குழுவும் உருவாயிற்று. 1993 டிசம்பர் 11-இல் நம் சிலாங்கூரில் ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடி சரிந்து 48 பேர் மாண்டபோது உதவிக்கு வந்தவர்களில் அக்குழுவினரும் இருந்தனர். சிராங்கூன் சாலையில் கற்ற பாடம் ஏழு ஆண்டுகளில் நமக்கே பயன்பட வந்தது. அந்த இடிபாட்டைக் கண்ட பின்னரே மலேசியாவும் பேரிடர் மீட்புக்கென ஸ்மார்ட் என்னும் தனிக்குழுவை அமைத்தது.

நேயர்களே, இனி இன்றைய படிப்புக்கு வருவோம். சிங்கப்பூரின் மேற்கே ஜாலான் பகாரில் 1999-இல் குடிமைத் தற்காப்புப் பயிற்சிக் கழகம் திறக்கப்பட்டது. அங்கே எரிப்பதற்கென்றே கட்டிய கட்டிடம் உண்டு. வாயுவால் தீ மூட்டி, வேண்டும்போது கூட்டியும் குறைத்தும், ஆபத்தானால் உடனே நிறுத்தியும் பயிற்சி தருகிறார்கள். மாணவன் உண்மையான வெப்பத்தையும் புகையையும் அறிகிறான். தவறு செய்தால் திருத்திக்கொள்ள அங்கே இடமுண்டு. வெளியில் எரியும் தீ அத்தகைய அவகாசம் தராது.

பாடங்கள் படிப்படியாக உள்ளன. அடிப்படைப் பயிற்சி பெற்றுத் தீயணைப்பு வீரராகலாம். மேற்கொண்டு பயின்றால் ஒரு பிரிவை நடத்தும் தலைவராகலாம். அதற்கும் மேலே, நிலையத்தில் ஒரு முறைப் பணியின் வீரர்கள் அனைவரையும் வழிநடத்தும் அதிகாரிக்குத் தனிப் பயிற்சி உண்டு. அவ்வதிகாரி தீயணைப்போடு கட்டிட அமைப்பு, இரசாயனப் பொருள், சட்டம் ஆகியவற்றையும் அறிந்திருக்கவேண்டும். ஒருவரை உள்ளே அனுப்பலாமா, திரும்ப அழைக்கலாமா என்று சில விநாடிகளில் முடிவு செய்யவேண்டியவர் அவர்.

சிங்கப்பூரில் 1993-இல் இயற்றி 1994-இல் நடைமுறைக்கு வந்த தீப் பாதுகாப்புச் சட்டம் இந்தக் கல்வியை நிலையத்துக்கு வெளியேயும் கொண்டு சென்றது. பெரிய கட்டிடங்களும் தொழிற்சாலைகளும், பயிற்சி பெற்றுச் சான்றிதழ் உடைய தீப் பாதுகாப்பு மேலாளரை வைத்திருக்கவேண்டும். வெளியேறும் வழியில் பெட்டி அடுக்கியிருக்கிறதா, தீயணைப்பான் வேலை செய்கிறதா என்று பார்ப்பதும், ஒத்திகை நடத்துவதும் அவர் கடமை. தீப்பிடித்த பின் வருபவர் வீரர். தீப்பிடிக்காமல் காப்பவர் இவர்.

சிங்கப்பூருக்கு வெளியிலும் இதே பாதையைக் காணலாம். பிரிட்டனில் 1918-இல் தோன்றிய தீயணைப்புப் பொறியாளர் கழகம் தேர்வு நடத்திச் சான்றிதழ் வழங்குகிறது. அதற்குச் சிங்கப்பூரிலும் கிளை உண்டு. இந்தியாவில் 1944 ஏப்ரல் 14-இல் பம்பாய்த் துறைமுகத்தில் வெடிமருந்துக் கப்பல் வெடித்தபோது 66 தீயணைப்பு வீரர்கள் மாண்டனர். அந்நாளையே இந்தியா தீயணைப்புச் சேவை நாளாகக் கொண்டாடுகிறது. 1956-இல் தொடங்கப்பட்ட தேசியத் தீயணைப்புக் கல்லூரி நாகபுரியில் நடந்து வருகிறது. நம் நாட்டிலோ கோல குபு பாருவில் தீயணைப்பு மீட்புக் கழகம் உள்ளது. பொம்பா வேலை என்று நாம் சொல்லும் வேலைக்குரிய பள்ளி அது.

பயிற்சி இருந்தால் எல்லாம் சரியாகிவிடுமா என்று நீங்கள் கேட்கலாம். 2018 மே மாதத்தில் சிங்கப்பூரின் ஒரு தீயணைப்பு நிலையத்தில், தேசிய சேவையை முடிக்கவிருந்த இளைஞர் ஒருவரை உடனிருந்தவர்கள் வேடிக்கையாகத் தண்ணீர்க் கிணற்றில் இறங்கச் செய்தனர். பின்னால் நின்ற ஒருவர் தள்ளிவிட்டார். இளைஞர் மூழ்கி இறந்தார். தள்ளியவரும், தடுக்கத் தவறிய மேலதிகாரிகளும் சிறைத்தண்டனை பெற்றனர். உயிர் காக்கும் கல்வி ஒழுக்கத்தை விட்டு நீங்கினால் அதுவே உயிர் குடிக்கும். 2022 டிசம்பர் 8-இல் ஹெண்டர்சன் சாலை அடுக்குமாடி வீட்டுத் தீயில் 19 வயது தேசிய சேவையாளர் ஒருவர் மாண்டார். களப்பணியில் அப்படை இழந்த முதல் வீரர் அவர். பயிற்சி ஆபத்தைக் குறைக்கும், முற்றிலும் நீக்காது. ஆகவேதான் ஒவ்வொரு சாவுக்குப் பின்னும் விசாரணை நடக்கிறது. பாடம் திருத்தி எழுதப்படுகிறது.

இன்னொரு நிகழ்ச்சி. 2025 ஏப்ரல் 8-இல் ரிவர் வேலி சாலையில் பிள்ளைகள் நிறைந்திருந்த ஒரு கடைவீட்டில் தீப்பிடித்தது. பிள்ளைகள் மூன்றாம் மாடிச் சன்னலுக்கு வந்து புகையில் திணறினர். அருகே கட்டுமான வேலையிலிருந்த தொழிலாளர்கள் சாரத்தையும் ஏணியையும் தூக்கிக்கொண்டு ஓடி, சுவரில் சார்த்தி ஏறி, பிள்ளைகளைக் கைக்குக் கை வாங்கி இறக்கினார்கள். அவர்களில் இந்தியாவிலிருந்து சென்ற தமிழர்களும் இருந்தனர். பத்து வயதுச் சிறுமி ஒருத்தி உயிரிழந்தாள்; பிறர் காப்பாற்றப்பட்டனர். அரசாங்கம் அத்தொழிலாளர்களைப் பாராட்டிச் சிறப்பித்தது.

அவர்கள் தீயணைப்புப் பள்ளிக்குச் சென்றவர்கள் அல்லர். ஆனால் சாரம் எங்கே நிற்கும், எவ்வளவு தாங்கும் என்பது அவர்கள் கைக்குத் தெரியும். பிரெய்ட்வுட் தச்சரையும் கொத்தனாரையும் தேடிச் சேர்த்த காரணம் இப்போது விளங்குகிறதல்லவா? உழைப்பாளியின் கைப்பழக்கமும் அறிவே. அதோடு முறையான படிப்பும் சேர்ந்துவிட்டால் அவன் தீயணைப்பு வீரனாகலாம், அதிகாரியுமாகலாம்.

பெற்றோரே, உங்கள் பிள்ளைகளில் மரம் ஏறத் தயங்காதவன் இருப்பான். ஆற்றில் நீந்தத் தெரிந்தவள் இருப்பாள். அடுத்தவருக்கு ஒன்றென்றால் முதலில் ஓடும் பிள்ளை இருக்கும். "முரட்டுப் பிள்ளை" என்று ஒதுக்கிவிடாதீர்கள். எஸ்.பி.எம். வரை படிப்பை விடாமல் காத்து, இப்படியும் ஒரு படிப்பு உண்டு என்று சொல்லிக்கொடுங்கள்.

அதுவரை வீட்டில் நாம் செய்யக்கூடியவை சில உண்டு. எண்ணெய்த் தீயைத் தண்ணீரால் அணைக்காதீர்கள். அடுப்பை நிறுத்தி, சட்டியை மூடியால் மூடுங்கள். உடையில் தீப்பற்றினால் ஓடாமல் தரையில் படுத்து உருளுங்கள். புகை சூழ்ந்தால் தவழ்ந்து வெளியேறுங்கள். வந்த பின் பொருளுக்காகத் திரும்பிப் போகாதீர்கள். வாசலையும் பின்கதவையும் விறகாலும் மூட்டையாலும் அடைக்காதீர்கள். கும்பகோணத்தில் 2004 ஜூலை 16-இல் பள்ளியொன்றில் கூரை பற்றியெரிந்து 94 பிள்ளைகள் மாண்டதை எந்த ஆசிரியராலும் மறக்க இயலாது. வெளியேறும் வழி எது என்று ஒவ்வொரு பிள்ளைக்கும் தெரிந்திருக்கவேண்டும். இன்றிரவே அதை உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குக் காட்டிக்கொடுங்கள்.

செட்டித் தெருவில் தீ மூன்று நாள் எரிந்த காலத்தில் அதை அணைக்கக் கற்றவர் எவருமில்லை. இன்று கற்பதற்குப் பள்ளி இருக்கிறது, பாடம் இருக்கிறது. முன்னே மாண்டவர்கள் நமக்கு விட்டுச் சென்ற பாடம் அது. அதைப் படிப்பதே நாம் அவர்களுக்குச் செய்யும் மரியாதை.